கல்யாணம் ஆகாதவனுக்கு எந்தப் பதிவேட்டில் இடம்?

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கிறான். அங்கே அவனோடு வாழ்பவர் ஒரு மார்மன் குடும்பத்துப் பிள்ளை, ஆண். மார்மன்கள் என்பவர்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபையினர். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "அயித்தை, அவங்க வீட்டுலயும் நம்ம வீடு மாதிரியேதான், எப்பப் பாரு கல்யாணப் பேச்சு" என்று ஒருநாள் போனில் சொன்னான். அதற்குப் பிறகுதான் மார்மன்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான், ஆண்டு வரிசையில் பார்த்தால்தான் எதுவும் மனதில் நிற்கும்.

மார்மன் நம்பிக்கையில் கோவிலில் முடிக்கும் திருமணம் சாவுக்குப் பிறகும் தொடர்கிறது. மறுமையின் உச்சநிலையை அடைய அந்தத் திருமணம் வேண்டும். எங்களைப் போல நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இளையாற்றங்குடியோ வைரவன்பட்டியோ, அவரவர் கோவிலிலிருந்து மாலை வந்து கல்யாணம் முடிந்தால்தான் கணவனும் மனைவியும் சேர்ந்து கோவில் பதிவேட்டில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு. தனியாளாக நிற்பவனுக்கு வயது எத்தனை ஆனாலும் தனிக் கணக்கு கிடையாது.

தன்பாலீர்ப்பு விஷயத்தில் மார்மன் சபையும் எப்போதும் ஒரே மாதிரி இருந்துவிடவில்லை. 1890 முதல் 1916 வரை அதன் புகழ்பெற்ற பாடகர் குழுவை நடத்திய இவான் ஸ்டீபன்ஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இளைஞர்கள் அவர் வீட்டில் தங்கினார்கள், அவரோடு பயணம் போனார்கள். அது நட்பு மட்டும்தானா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் அவர் கௌரவத்துக்குக் குறை வரவில்லை. இதையெல்லாம் 1996-இல் புத்தகமாக எழுதியவர் டி. மைக்கேல் குவின். அவரும் தன்பாலீர்ப்பாளர்தான். வேறு வரலாற்று ஆய்வுகளுக்காக 1993-லேயே சபை அவரை நீக்கியிருந்தது. நீக்கிய பிறகும் அவர் நம்பிக்கையை விடவில்லை என்பதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நடுவில் வந்த காலம் கொடுமையானது. 1970-களில் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலேயே, தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு ஆண்களின் படங்களைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்து 'மாற்ற'ப் பார்த்தார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2015 நவம்பர். ஒரே பாலில் திருமணம் செய்தவர்கள் சபைத் துரோகிகள் என்று விதி வந்தது. அவர்களோடு வளரும் குழந்தைகளுக்கு 18 வயதுவரை ஞானஸ்நானம் கிடையாது. அதன் பிறகும், பெற்றோரின் வாழ்க்கை முறையைத் தவறென்று சொன்னால்தான் உண்டு. எட்டு வயதில் ஞானஸ்நானம் பெறும் வழக்கமுள்ள ஊரில், கூடப் படிக்கும் பிள்ளைகள் வரிசையில் நிற்க இந்தக் குழந்தை மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும். அது கடவுள் வெளிப்படுத்தியது என்று 2016-இல் பேசியவர் மூத்த தலைவர் ரஸ்ஸல் நெல்சன். 2019 ஏப்ரலில் விதியைத் திரும்பப் பெற்றபோது சபைத் தலைவராக இருந்தவரும் அவரேதான். அந்தக் குழந்தைகளின் மூன்றரை வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

2022-இல் ஒரே பாலினத் திருமணங்களைப் பாதுகாக்கும் நாட்டுச் சட்டத்தை சபை ஆதரித்தது. தன் கோவிலுக்குள் மட்டும் அந்தத் திருமணத்துக்கு இன்றும் இடமில்லை.

நம் ஊரில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவுக்கு இருந்த குற்றம் என்ற பட்டத்தை எடுத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது புரியவில்லை என்று சொல்லி உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் 2021-இல் 'மாற்றும் சிகிச்சை'க்குத் தடை போட்டார். பெரிய பதவியில் இருப்பவர் அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய விஷயம்.

என் பிறந்த வீட்டுப் பங்காளிகளில் இதைப் படிப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அவனுக்கு இனி வரன் கொண்டு வராதீர்கள், அண்ணனிடம் ஜாதகமும் கேட்காதீர்கள். முன்னோருக்குப் படையல் வைத்துப் பங்காளிகள் கூடும் அடுத்த படைப்புக்கு இருவரும் வருகிறார்கள். பந்தியில் அவனுக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இலை போடுங்கள்.