பென்சில் வட்டம்

"அந்தக் கோப்பை பொய்யில்லையே தம்பி, அது நிலைக்காதுன்னுதானே அவர் சொல்றார்" என்று மெய்ப்புப் பார்க்கும் அம்மா சொன்னபோது நான் நடந்துகொண்ட விதம் இன்றும் என்னை உறுத்துகிறது. டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ் 1630-இல் வரைந்து, இப்போது ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியத்தைப் பற்றிய பக்கம் அது. மண்டையோடு, அணைந்த திரி, சிறு கடிகாரம், இறகுப் பேனா, கவிழ்ந்து கிடக்கும் கண்ணாடிக் கோப்பை. சாவை நினைவூட்டும் இத்தகைய ‘வானிடாஸ்’ ஓவியங்களை நான் ‘மாயை ஓவியங்கள்’ என்று மொழிபெயர்த்திருந்தேன். அவர் ‘மாயை’யைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘நிலையாமை’ என்று எழுதியிருந்தார்.

"வேதாகமத்திலேயே மாயை என்றுதான் இருக்கிறது, அம்மா" என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே அந்த வட்டத்தை ரப்பரால் அழித்தேன்.

நான் சொன்னதில் பிழையில்லை. வேதாகமத்தின் பிரசங்கி நூலின் லத்தீன் வடிவத்திலிருந்து வந்த சொல்தான் வானிடாஸ். தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’ என்கிறது. மண்டையோட்டைக் கண்டதும் அன்றைய டச்சுக்காரர் நினைவில் எழுந்த வசனம் தமிழ் வாசகர் காதிலும் ஒலிக்க வேண்டும் என்று நான் விரும்பியது நியாயம் என்றே இப்போதும் கருதுகிறேன்.

ஆனால் மாயை என்றால் நம்மில் பெரும்பாலோர்க்கு, இல்லாதது இருப்பதுபோல் தோன்றுவது. கிளாஸோ வண்ணங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பழுப்பும் சாம்பலுமாக, கோப்பையின் வளைவில் விழும் வெளிச்சத்தைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார்; அதைப் பொய்யென்று எண்ணியவர் அத்தனை நேரம் அதன்முன் உட்கார்ந்திருப்பாரா? லத்தீனுக்கும் முந்தைய எபிரெயச் சொல்லான ‘ஹெவெல்’ ஆவியையும் மூச்சையும் குறிப்பது. அதில் பொய் என்பது முதற்பொருள் அன்று. 1603-இலேயே இன்னொரு டச்சு ஓவியரான யாக்கோப் டி கெய்ன் மண்டையோட்டுக்கு மேலே ஒரு பெரிய குமிழியை மிதக்கவிட்டிருக்கிறார். குமிழி உடையும்வரை உண்மையாகவே இருக்கிறது. எபிரெயமும் லத்தீனும் அறியாத அந்த அம்மா படத்தைப் பார்த்தே இதைக் கண்டுகொண்டார். நான் வசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் மறுபதிப்புக்குத் திருத்தங்கள் கேட்டார்கள். எழுத்துப் பிழைகளைப் பட்டியலிட்டு அனுப்பினேன். அந்தச் சொல்லின் மேல் வெகுநேரம் விரலை வைத்திருந்துவிட்டு, பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிட்டேன்.