சட்டல்ஹொயுக்: திண்ணைக்கு அடியில்

ஜூலை 2
சட்டல்ஹொயுக், துருக்கியின் கோன்யா சமவெளியில் உள்ள புதிய கற்காலக் குடியிருப்பு. நாங்கள் அகழும் இந்தக் கிழக்கு மேடு சுமார் 13 ஹெக்டேர் பரப்பு, 21 மீட்டர் உயரம். கி.மு. 7100 வாக்கில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வீட்டின்மேல் வீடு கட்டியே உயர்ந்த மேடு. தெரு கிடையாது, கூரையிலிருந்து ஏணி வழியாகத்தான் உள்ளே இறங்கினார்கள். வீட்டைக் கைவிடும்போது மேல்சுவரை இடித்து, உள்ளே மண் நிரப்பி, அதன்மேல் அடுத்த வீட்டை எழுப்பினார்கள். தரையும் கீழ்ச்சுவரும் இன்றுவரை நிற்பது அந்த நிரப்பு மண்ணால்தான்.

இறந்தவர்களை வீட்டுக்குள்ளேயே, அறையில் கட்டிய திண்ணைக்கு அடியில் புதைத்தார்கள். இன்று அப்படியொரு திண்ணையின் வெண்பூச்சு தெரிந்துவிட்டது. கொத்தையும் மண்வெட்டியையும் ஓரம் வைத்தாயிற்று. இனி கரணை, மூங்கில் குச்சி, மெல்லிய தூரிகை.

ஜூலை 4
பூச்சு காய்கிறது. இது சுட்ட சுண்ணாம்பு இல்லை, வெண்களிமண். ஈரம் போனால் சுருங்கி, ஓரம் சுருண்டு, செதில் செதிலாக விழும். நிழல்துணி கட்டி, கைத்தெளிப்பானால் பனிபோலத் தெளிக்கிறோம். கூடினாலும் கெடுதல்: புகைக்கரி நீரோடு வெள்ளையில் பரவினால் அடுக்குகளின் எல்லையே அழிந்துவிடும்.

ஜூலை 5
திண்ணை மூலையில் சிறு வெட்டுமுகம். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு வெள்ளை, அதன்மேல் மயிரிழை அளவு புகைக்கரி, மறுபடி வெள்ளை. அடுப்புப் புகை படிய, மேலே பூச, மீண்டும் படிய. இங்கே ஒரு சுவரில் 450 பூச்சு வரை எண்ணியிருக்கிறார்கள். 1961 முதல் 1965 வரை பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட் நான்கே பருவங்களில் பெரும்பரப்பைத் தோண்டினார். அந்த வேகத்தில் இந்த இழைகளை எண்ண முடியாது.

ஜூலை 8
பூச்சில் மங்கலான நீள்வட்டம்: புதைகுழியின் விளிம்பு. உள்மண் பொலபொலவென்று, பழைய பூச்சுத் துணுக்குகளோடு இருக்கிறது; சுற்றுமண் இறுக்கம். விளிம்பைத் தாண்டி ஒரு விரல் வெட்டினாலும் பக்கத்துக் குழியின் எலும்பு இதில் கலந்துவிடும். ஒரே திண்ணையைத் திரும்பத் திரும்பத் தோண்டிப் புதைத்த வீடுகள் இவை. அதனால் பதிவேட்டில் குழிவெட்டுக்கு ஓர் எண், நிரப்புமண்ணுக்கு ஓர் எண், எலும்புக்கூட்டுக்கு ஓர் எண். கடைசியாக நடந்ததை முதலில் எடுக்க வேண்டும்.

மண் முழுவதும் 4 மி.மீ. சல்லடைக்கு. அதில் 30 லிட்டர் தனியாக மிதவைத் தொட்டிக்கு. கரிந்த விதை மேலே மிதந்து நுண்வலையில் சேரும். நீர் வேகமாக வந்தால் கரிந்த கோதுமை நொறுங்கும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், நிழல்தான் சரி.

ஜூலை 11
முழங்காலை மார்போடு மடக்கி வைத்த உடல். இடுப்பின் கீழே வெண்ணிற நூல்கள்போல ஒரு பின்னல்: கூடை மக்கிவிட்டது, புல்லின் சிலிக்கா மட்டும் அதே பின்னலில் நிற்கிறது. தூரிகை பட்டால் போய்விடும். ரப்பர் ஊதுகுமிழால் மட்டுமே தூசி தள்ளலாம். முதலில் படம், பிறகு வரைவு, கடைசியில்தான் மாதிரி.

குதிகாலுக்கு அருகே இன்னொரு தாடையெலும்பு. இந்த உடலுடையது அல்ல. புது எண் போட்டாயிற்று. குழியின் அந்தப் பக்க விளிம்பை நாளை மறுபடி பார்க்க வேண்டும்.