கிறிஸ்ட்கிண்டில்: பத்து சென்டிமீட்டர் குழந்தை இயேசுவும் கோயில் வாசல் சந்தையும்

டிசம்பர் பிறந்தா போதும், ஐரோப்பால இருக்குற நம்ம ஆளுங்க எல்லாரும் கிறிஸ்துமஸ் மார்க்கெட் போட்டோவா போட்டுத் தள்ளுவாங்க, வியன்னா, நூரம்பெர்க், ஸ்ட்ராஸ்பர்க்னு. எல்லாம் அழகுதான், குறை சொல்லலை, ஆனா ரெண்டு மணி நேரம் கூட்டத்துல இடிபட்டு, ஒரு கப் சூடான ஒயின் குடிச்சு, மரத்துல செஞ்ச நட்சத்திரம் ஒண்ணு வாங்கிட்டு வந்தா அது ஷாப்பிங், அவ்வளவுதான். சந்தையும் பாக்கணும் சாமியும் கும்பிடணும்னு நெனைக்கிறவங்க ஒரு தடவையாவது ஆஸ்திரியால ஸ்டையர் டவுனை ஒட்டி இருக்குற கிறிஸ்ட்கிண்டிலுக்குப் போயிட்டு வாங்க. ஊரோட பேரே குழந்தை இயேசு பேருதான். இந்த நாட்டுல கிறிஸ்துமஸ் பரிசு கொண்டு வர்றது வெள்ளைத் தாடி தாத்தா இல்ல, இந்தக் குழந்தை இயேசுதான், 24ஆம் தேதி சாயந்திரம் வீட்டுக்குள்ள மணி அடிச்சா பிள்ளைங்க மரத்துக்கிட்ட ஓடுவாங்க.

எங்கம்மா அப்போ நாகர்கோவில்ல இருந்து வந்திருந்தாங்க, லின்ஸ்ல எங்க வீட்டுல தங்கி இருந்தாங்க. அம்மா வியாழக்கிழமை தவறாம குழந்தை இயேசு நவநாள் சொல்ற ஆளு. ஊர்ல எங்க வீட்டுப் பீடத்துல இருக்குறது பிராக் குழந்தை இயேசு படம், தலையில கிரீடம், பட்டு அங்கி, கையில உலக உருண்டை, எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தப் படம்தான். "இங்க பக்கத்துல குழந்தை இயேசுவுக்கு ஒரு திருத்தலம் இருக்கும்மா, திருவருகைக்காலத்துல சந்தையும் இருக்கும்"னு சொன்னதும் அவங்க கேட்ட மொத கேள்வி "பூசை உண்டுமா மக்ளே?" சந்தையைப் பத்திக் கேக்கவே இல்ல. (திருவருகைக்காலம்னா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்.)

லின்ஸ்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ள ஸ்டையர் போயிடலாம். என்ஸ்னு ஒரு ஆறும் ஸ்டையர்னு ஒரு ஆறும் சேர்ற இடத்துல உக்காந்திருக்குற பழைய ஊரு, இரும்பு வேலைக்கும் துப்பாக்கித் தொழிலுக்கும் பேர் போனது. அங்க இருந்து கிறிஸ்ட்கிண்டில் ஒரு மூணு கிலோமீட்டர் இருக்கும், நடக்கலாம், ஆனா கடைசில ஏத்தம், அம்மாவுக்கு முட்டு வலி. திருவருகைக்காலத்துல பழைய காலத்து பஸ்ஸை எல்லாம் துடைச்சு வெச்சு ஓட்டுறாங்க, அதுல ஏறிட்டோம். உருண்டையான மூஞ்சி வெச்ச பஸ்சு, உள்ள எஞ்சின் சத்தத்துல பக்கத்துல பேசுறது கேக்காது, சீட்டுல இருந்தவங்க பாதிப் பேரு பேரப்பிள்ளைங்களோட வந்த தாத்தா பாட்டிங்க, ஒவ்வொருத்தர் மடியிலயும் ஒரு கட்டு கிறிஸ்துமஸ் கார்டு. அது எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

மொதல்ல கோயில் கதை. 1690கள்ல ஸ்டையர்ல ஃபெர்டினாண்ட் செர்ட்ல்னு ஒருத்தர் இருந்தாரு. கோபுரத்து மேல இருந்து ஊர்ல எங்கயாவது தீ புடிக்குதான்னு பாத்துக்குற வேலை, அதோட ஊர் வாத்தியக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவருக்கு காக்கா வலிப்பு. தனியா இந்த மேட்டுக் காட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுவாராம், ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துல திருக்குடும்பப் படம் ஒண்ணை மாட்டி வெச்சாரு. அப்புறம் ஸ்டையர்ல இருந்த கன்னியர் மடத்துல இருந்து மெழுகுல செஞ்ச சின்னக் குழந்தை இயேசு சுரூபம் ஒண்ணு அவருக்குக் கெடைச்சது, 1695 வாக்குல அதை மரத்துல ஒரு பொந்து குடைஞ்சு உள்ள வெச்சு, திரும்பத் திரும்ப வந்து வேண்டினாரு, வலிப்பு நின்னுபோச்சு. சேதி வெளிய தெரிஞ்சதும் சனம் வர ஆரம்பிச்சிருச்சு. நம்ம ஊர்ல எப்படியோ அப்படியேதான், யாரும் விளம்பரம் பண்ணலை, ஒருத்தருக்கு சுகமாச்சுன்னா அடுத்தவன் தன் நோவைத் தூக்கிட்டு வந்து நிப்பான்.

இதுல எனக்குப் புடிச்ச பகுதி என்னன்னா மேலிடம் இதை ஒடனே ஏத்துக்கலை. பக்கத்துல கார்ஸ்டன்னு ஒரு பெரிய மடம், அந்த மடத்து அதிபர் கோயில் கட்டலாம்னு கிளம்பிட்டாரு, 1702ல வேலை ஆரம்பம், ஆனா அப்போ இந்தப் பகுதிக்குப் பொறுப்பா இருந்த பாசாவ் ஆயர் கிட்ட இருந்து அனுமதி லேசுல கெடைக்கலை, வேலை இழுத்துக்கிட்டே போச்சு. மொதல்ல கட்டினவர் கார்லோனேன்னு இத்தாலிய வழி வந்த கட்டடக் கலைஞர், அவருக்கு அப்புறம் ஜேக்கப் பிரான்ட்டவர் எடுத்து முடிச்சாரு, டான்யூப் கரையில மெல்க் மடம்னு மஞ்சளா பிரம்மாண்டமா ஒண்ணு இருக்கே, அதைக் கட்டின அதே ஆளு. 1725ல கோயிலை அபிஷேகம் பண்ணினாங்க. ஒரு வலிப்பு நோயாளி காட்டுக்குள்ள மரத்துல வெச்ச மெழுகு பொம்மைக்கு ஆஸ்திரியாவோட பெரிய கட்டடக் கலைஞர்ங்க வந்து கோயில் கட்ட வேண்டியதாப் போச்சு, அந்த வரிசையை நெனைச்சுப் பாருங்க, சனம் முன்னாடி, சாமியார் அதுக்குப் பின்னாடி, ஆயர் கடைசில.

வெளிய இருந்து பாத்தா சின்னக் கோயில்தான், ரெண்டு கோபுரம். உள்ள போனா வட்டமா இருக்கு, எங்க நின்னாலும் பீடம் கிட்டத்துல தெரியுது. வாசல்ல இருந்து பாக்குறப்போ மொத்தமும் தங்கம், கதிர் கதிரா வெளிச்சம், மேகம், சம்மனசுங்க கூட்டம், கீழ பூசையில தர்ற அப்பத்தை வெக்கிற நற்கருணைப் பேழை தங்க உலக உருண்டை வடிவத்துல இருக்கு. அம்மா மண்டியிட்டு சிலுவை போட்டுட்டு ரொம்ப நேரம் பீடத்தையே பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் மெதுவா என் கைய இழுத்து "எங்கல இருக்காரு குழந்தை?"ன்னு கேட்டாங்க. நெஜமாவே கண்ணுக்குச் சிக்காது. அவ்வளவு தங்கத்துக்கும் நடுவுல, ஒரு கண்ணாடிப் பேழைக்குள்ள, பத்து சென்டிமீட்டர்தான் மொத்த உயரமே. உள்ளங்கையில அடங்கிரும். அந்த மரத்தைக்கூட பிடுங்கிப் போடலை, அதோட அடிமரம் இப்பவும் பீடத்துலயே இருக்கு, அதைச் சுத்தித்தான் இத்தனை அலங்காரமும்.

கூட்டம் கொறைஞ்சதும் முன்னாடி போய்ப் பாத்தோம். நான் கிரீடம், அங்கி எல்லாம் எதிர்பாத்தேன், பிராக் சுரூபத்துக்கு இருக்குற மாதிரி. அது கிட்டத்தட்ட 47 சென்டிமீட்டர், 1628ல ஒரு பிரபு குடும்பத்துப் பெண்மணி கார்மேல் சபைக்குக் கொடுத்தது, அதுக்கு மாத்தி மாத்திப் போட உடுப்பே எத்தனையோ வெச்சிருக்காங்க. இங்க இருக்குற குழந்தை கையில ஒரு பக்கம் சிலுவை, இன்னொரு பக்கம் முள்முடி. பிறந்த பிள்ளை கையில முள்முடி! வெளிய சந்தையில மணி அடிக்குது, பிள்ளைங்க இஞ்சி பிஸ்கட் தின்னுட்டு ஓடுது, உள்ள பிறந்தநாள் கொண்டாடுற குழந்தை தன் சாவுச் சாமானைக் கையில புடிச்சிட்டு நிக்குது. அம்மாவுக்கு இது புதுசா தெரியலை போல. "அவருக்குத் தெரியும்லா, எதுக்கு வந்தோம்னு"ன்னாங்க, ஜெபமாலையை எடுத்துட்டு உக்காந்துட்டாங்க. நான் கொஞ்ச நேரம் பக்கத்துல இருந்தேன். எனக்கு அம்மா அளவுக்கு விசுவாசம் எல்லாம் கெடையாது, ஞாயித்துக்கிழமை பூசைக்கே பாதி நாள் போறதில்ல, ஆனா அந்தச் சின்ன மெழுகு உருவத்து முன்னாடி நாக்குல வார்த்தை வராம, ஊர்ல உடம்பு சரியில்லாத சித்தப்பா பேரை மட்டும் மனசுக்குள்ள சொன்னேன், அதுக்கு மேல ஒண்ணும் கேக்கத் தோணலை.

பீடத்துக்குப் பக்கத்துல பச்சை வளையத்துல நாலு மெழுகுதிரி, மூணு ஊதா ஒண்ணு ரோஸ், வாரத்துக்கு ஒண்ணா ஏத்துவாங்க, அன்னிக்கு ரெண்டு எரிஞ்சுட்டு இருந்துச்சு. இது மட்டும் அம்மாவுக்கு ஊர்ல இருக்குற மாதிரியே இருந்ததுல பெரிய சந்தோஷம். பூசை ஜெர்மன்ல, ஒரு வார்த்தை புரியாது, ஆனா எப்போ எந்திரிக்கணும் எப்போ முழங்கால் போடணும்னு அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டி இருக்கலை, அவங்களைப் பாத்து நான்தான் எந்திரிச்சேன். பரலோக மந்திரத்தை அம்மா தமிழ்லயே சத்தமா சொன்னாங்க, முன்வரிசைப் பாட்டி ஒருத்தர் திரும்பிப் பாத்து சிரிச்சாங்க.

இப்போ அந்தக் கார்டு விஷயம். கோயிலுக்குப் பக்கத்துலயே ஒரு போஸ்ட் ஆபீஸ், 1950ல இருந்து நடக்குது, வருஷம் முழுக்க கெடையாது, நவம்பர் கடைசில தொறந்து ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் மட்டும். கிறிஸ்ட்கிண்டில்னு ஊர் பேரு போட்ட சிறப்பு முத்திரை குத்தி அனுப்புவாங்க, அதுக்காக உலகம் பூராவும் இருந்து லட்சக்கணக்குல கடிதம் வருது. பிள்ளைங்க குழந்தை இயேசுவுக்கு எழுதுற கடிதமும் இங்கதான் வந்து சேரும், பதிலும் போகும். உள்ள ஆளுங்க நிக்க இடமில்ல, மர மேசை மேல குனிஞ்சு எல்லாரும் எழுதுறாங்க, கவுண்டர்ல இருக்குற பெண்மணி "டக் டக் டக்"னு முத்திரை குத்துறாங்க, மை காயுறதுக்குள்ள அடுத்தது. எங்கம்மா கார்டுல தங்கச்சி மகளுக்கு எழுதினது மொத்தம் ரெண்டே வரி: "பாப்பா, நான் குழந்தை இயேசுவோட ஊர்ல இருக்கேன். நல்லா படி." ரெண்டாவது வரி இல்லாம எங்கம்மாவால எந்தக் கடிதமும் எழுத முடியாது.

சந்தைன்னு சொன்னேன்ல, பெருசா எதிர்பாத்துட்டுப் போயிடாதீங்க. வேளாங்கண்ணி கோயில் வாசல்ல மெழுகுதிரிக் கடையும் மாதாப் படக் கடையும் வரிசை கட்டி நிக்குமே, அதோட குட்டி வடிவம், அதுவும் விரல் விட்டு எண்ணிடலாம். தேன்மெழுகுதிரி, வைக்கோல்ல செஞ்ச நட்சத்திரம், கம்பளி உறை, காய்ஞ்ச பேரிக்காய் போட்ட ரொட்டி ஒண்ணு, கிளெட்சன்ப்ரோட்டும்பாங்க, கருப்பா கனமா இருக்கும், ஒரு துண்டு தின்னா மதியச் சாப்பாடு வேண்டாம். அம்மா ஒயின் வேண்டாம்னுட்டாங்க, பிள்ளைங்களுக்குன்னு பழச்சாறுல பட்டை கிராம்பு போட்டுக் காய்ச்சின பஞ்ச் இருக்கு, அதை வாங்கிக் கொடுத்தேன். கப்புக்கு தனியா டெபாசிட் வாங்குவாங்க, திருப்பிக் கொடுத்தா காசு திரும்ப வரும், வீட்டுக்கு எடுத்துட்டும் போகலாம். அம்மா அந்தக் கப்பைக் கழுவி பையில போட்டுட்டாங்க, "காசு குடுத்தாச்சுல்லா"ன்னு ஒரே வாதம்.

அப்போ கோயில் பக்கத்துல ஊதுகொம்பு வாசிக்கிறவங்க சில பேரு வந்து நின்னாங்க, கனமான கோட்டு, மூச்சு எல்லாம் வெள்ளைப் புகை. திருவருகைக்காலத்துல கோபுரத்துல இருந்து ஊதுறது இந்தப் பக்கம் பழைய வழக்கம், செர்ட்ல் பாத்த வேலையும் அதானே. எந்தப் பாட்டுன்னு எனக்குத் தெரியலை, ரொம்ப மெதுவான மெட்டு. கடைக்காரர் ஒருத்தர் சில்லறை எண்றதை நிறுத்திட்டு தொப்பியைக் கழட்டிட்டு நின்னாரு, பாட்டு முடிஞ்சதும் விட்ட எடத்துல இருந்து எண்ண ஆரம்பிச்சாரு. பெரிய ஊர் மார்க்கெட்டுல ஸ்பீக்கர்ல அதே பத்துப் பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுட்டு இருப்பாங்களே, அங்க எவனும் எதையும் நிறுத்த மாட்டான்.

கிளம்புறதுக்கு முன்னாடி பக்கத்துக் கட்டடத்துல குடில் பாத்தோம், இயேசு பிறந்த காட்சியைப் பொம்மையா வெச்சுக் காட்டுறது. இதைத் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. கார்ல் கிளவ்டான்னு ஒருத்தர் தன் ஆயுசுல கிட்டத்தட்ட நாப்பது வருஷம் உக்காந்து செஞ்சது, லிண்டன் மரத்துல செதுக்கின முந்நூறுக்குப் பக்கம் உருவங்கள், எல்லாம் அசையும். கீழ சைக்கிள் செயின், உருளை எல்லாம் வெச்சு இணைச்சிருக்கு, ஓட விட்டதும் இடையருங்க நடக்குறாங்க, ராஜாக்கள் வர்றாங்க, ஒவ்வொருத்தரா குடிலுக்கு முன்னாடி வந்து தலை குனிஞ்சிட்டுப் போறாங்க. செயின் சத்தம் நல்லாவே கேக்குது, மறைக்கவும் இல்ல, எனக்கு அதான் அழகா பட்டுச்சு. இன்னொரு அறையில பெருசா ஒண்ணு, பெட்லகேம் ஊரையே கட்டி வெச்ச மாதிரி எழுநூறு உருவத்துக்கு மேல, அது அசையாது. அம்மா பெருசைக் கண்டுக்கவே இல்ல, அசையுற குடிலை மறுபடி பாக்கணும்னு அடுத்த கூட்டத்தோட சேந்து நின்னுட்டாங்க. ஊர்ல எங்க தாத்தா குடில் கட்டுறப்போ தண்ணி ஓட வெப்பாராம், அதை விளக்குறதுக்கு பக்கத்துல இருந்த ஆஸ்திரியக்காரர் கிட்ட தமிழ்லயே பேசிட்டு இருந்தாங்க, அவரும் தலையாட்டிட்டு இருந்தாரு.

போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். டிசம்பர் 24க்கு சந்தையை நம்பிப் போகாதீங்க, இந்த நாட்டுல அன்னிக்கு மத்தியானத்தோட எல்லாம் அடைச்சிரும், அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க, திருவருகைக்கால சனி ஞாயிறுதான் சரி. பழைய பஸ் எல்லா நாளும் ஓடும்னு நெனைக்காம டைம்டேபிள் பாத்துக்கோங்க. சின்னக் கடைங்கள்ல பேங்க் கார்டு எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது, சில்லறை வெச்சுக்கோங்க. ஏத்தத்துல ஐஸ் பிடிச்சிருக்கும், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா பிடிப்பான ஷூ போட வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. கார்டு எழுதுறவங்க அட்ரஸை வீட்டுலயே எழுதி எடுத்துட்டு வந்துடுங்க, அந்தக் கூட்டத்துல நின்னுட்டு ஊருக்கு போன் போட்டு பின்கோடு கேட்டுட்டு இருந்தா பின்னாடி வரிசையில நிக்குற தாத்தாங்க சும்மா விட மாட்டாங்க.