தெரிஞ்சும் ஏன் சொல்லல?

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்" என்றேன்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பாடத்தில் சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

பள்ளிக் கண்காட்சிக்கு அவள் செய்தது, கருப்புக் கோட்டின் வழியே தானாக ஓடும் சின்ன வண்டிதான். இரண்டு மஞ்சள் மோட்டார், முன்னால் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும் இரண்டு ஐ.ஆர். சென்சார், வெள்ளைச் சார்ட்டில் கருப்பு இன்சுலேஷன் டேப். வெள்ளை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், கருப்பு விழுங்கிவிடும். இடது சென்சார் கருப்பைப் பார்த்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இரண்டுமே வெள்ளையைப் பார்த்தால் நேரே போகும். வகுப்பறைக்குள் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கண்காட்சியன்று மேசையைக் கிழக்கு வராந்தாவில் போட்டார்கள். காலை வெயில் சார்ட்டின் மேலேயே விழுந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். சென்சார் கருப்பின் மேல் நின்றாலும் வெள்ளை என்றே எடுத்துக்கொள்ளும். அப்படியே ஆனது. வளைவு வந்தும் திரும்பாமல் வண்டி நேரே மேசை விளிம்புக்குப் போனது. பேட்டரியை மாற்றினாள். சென்சாரில் இருக்கும் நீலத் திருகைத் திருகிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "உள்ள ஓடினது இங்க ஏன் ஓடல, யோசிச்சுப் பாரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

எச்.எம். மேடம் பக்கத்தில் வந்து, "விருந்தினர் வந்துட்டாங்க சார், கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்களேன்" என்றார். அவளே பண்ணட்டும் என்றேன்.

வந்தவர்கள் வண்டி விளிம்பைத் தாண்டி விழுவதைப் பார்த்தார்கள், "பரவால்லம்மா" என்று தலையைத் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். அங்கே சோடா உப்பும் வினிகரும் போட்ட எரிமலை பொங்கிக்கொண்டிருந்தது. அதைச் செய்தது அந்தப் பையனின் அப்பா என்பது பள்ளிக்கே தெரியும்.

எல்லாம் முடிந்து ஓய்ந்தபோது சில பையன்கள் சார்ட்டின் மேல் குனிந்தார்கள். வண்டி வளைவில் அழகாகத் திரும்பியது. அவர்கள் விலகியதும் மறுபடி தடம் மாறியது. அவள் ஓடிப்போய்ப் பரீட்சை அட்டையைக் கொண்டுவந்தாள். மேலே பிடித்தாள், எடுத்தாள், மறுபடி பிடித்தாள். யாரும் சொல்லித்தராத பரிசோதனை. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

"நீயே கண்டுபிடிச்சாதானே மறக்காது" என்றேன்.

"மறக்காது சார்" என்றாள்.

எதை மறக்காது? வெயிலையா, தலையில் தட்டிவிட்டுப் போனதையா? கேட்கவில்லை.

என் பக்கம் நியாயம் இருக்கிறது. மேசையைத் தள்ளிப் போட்டிருந்தால் வண்டி ஓடியிருக்கும், கைதட்டல் கிடைத்திருக்கும். அந்த அட்டை வந்திருக்காது. 1967-இல் குழந்தைகளுக்கான லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், பிழை என்பது வெட்கப்பட வேண்டியதல்ல, ஆராய வேண்டியது என்றார். ஆசிரியர் பயிற்சிகளில் இதைச் சொல்லித்தான் "பிள்ளைகள் வேலையில் கை வைக்காதீர்கள்" என்று முடிப்பேன். சரி, பிழையை ஆராய நேரம் வேண்டாமா? விருந்தினரை எதிரே நிறுத்திவிட்டு ஆராயச் சொல்வது பரீட்சை இல்லாமல் வேறென்ன? "வெயிலைக் கவனி" என்றிருந்தால் பாதி விடை ஆகியிருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பாதி விடை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. என் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் அதே எச்.எம். மேடம்தான். அவர் முன்னால் நானே கை வைக்க முடியாதே! அந்த "அவளே பண்ணட்டும்" பிள்ளைக்காகச் சொன்னதா என்று இப்போது அடித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அட்டையைப் பிடித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் பேசாமல்தான் இருந்திருப்பீர்கள்.

பயிற்சிகளில் இன்றும் அதையேதான் சொல்கிறேன். கண்காட்சி என்றால் மட்டும் முதல் ஆளாகப் போய் மேசைகளை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிடுகிறேன். யாராவது கேட்டால், மேசையில்தானே கை வைத்தேன், வண்டியில் இல்லையே என்று சொல்லிக்கொள்ளலாம்.