நாக்நெக்ல மூணு சீசன்

அலாஸ்கால நாக்நெக்னு ஒரு சின்ன ஊர், ஆங்கரேஜ்ல இருந்து ரோடே கிடையாது, ஃப்ளைட்ல கிங் சால்மன் வரைக்கும் போய் அங்க இருந்து வேன்ல போகணும். 2019 ஜூன்ல சியாட்டில்ல வேலை இல்லாம இருந்தப்ப அங்க ஒரு மீன் பிளான்ட்ல சேர்ந்தேன். தினம் 16 மணி நேரம், வாரம் ஏழு நாளும், மீன் ஆத்துல ஏறி முடியுற வரைக்கும் லீவுன்னு ஒண்ணு கிடையாது.

என்னை முட்டை ரூம்ல போட்டாங்க. சாக்கைங்கற வகை சால்மன்ல பெட்டை மீன் ஒவ்வொண்ணுலயும் சினை ரெண்டு சரமா இருக்கும், ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், மேல ஒரு மெல்லிசு தோல், விரல் நுனி அழுந்துனா பிஞ்சிடும். இருபது வருஷமா அங்க வந்துட்டிருந்த ஒரு பிலிப்பினோ அக்கா என் கையைப் பிடிச்சு காட்டித் தந்தாங்க, விரலால தூக்காத, உள்ளங்கையில ஏந்துன்னு. ஐஸ் மாதிரி உப்புத் தண்ணிக்குள்ள கை மரத்துப் போற வரைக்கும் அதைக் கழுவி, பிரிச்சு, உப்பு போட்டு ஜப்பானுக்குப் பெட்டி கட்டுவோம். ஒரு மீனுக்குள்ள மூவாயிரத்துக்கும் மேல முட்டை. நாங்க எடுக்குறது போக மிச்சம் ஆத்துல ஏறினாதான் நாலஞ்சு வருஷம் கழிச்சு இந்த பிளான்ட்டுக்கு வேலைன்னு அப்ப எனக்குத் தெரியாது.

ஊர்ல எங்க பார்த்தாலும், லாரி பம்பர்ல, போட்ல, கடைக் கதவுல, அங்க வரவிருந்த பெப்பிள் மைன்ங்கற சுரங்கத்தோட பேருக்கு மேல குறுக்குக் கோடு போட்ட ஸ்டிக்கர். முதல் வாரம் அதை நான் பெருசா எடுத்துக்கல.

எனக்கு விஷயம் புரிஞ்சது மீன்பிடி போட் ஓட்டுற ஒரு ஸ்கிப்பர்கிட்ட பேசினப்பதான். சீசன் ஆரம்பம், ஆத்துல மீன் போயிட்டிருக்கு, கண்ணால பார்க்கலாம், ஆனா போட்டெல்லாம் கட்டிக் கிடக்கு, அவர் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ரேடியோ கேட்டுட்டு உட்கார்ந்திருக்காரு. ஏன் வலை போடலன்னு கேட்டேன். மேல டவர்ல எண்ணுறாங்க, எண்ணிக்கை வரட்டும்னாரு. ஆத்தோரமா டவர் கட்டி அதுல ஆள் ஏறி நின்னு, ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கரைக்குப் பத்து நிமிஷம் கண்ணால பார்த்து மீனை எண்ணி, அதை ஆறால பெருக்கி கணக்கு எடுக்குறாங்க, நாக்நெக் ஆத்துல சீசனுக்கு 8 லட்சத்துல இருந்து 20 லட்சம் மீன் முட்டை போட மேல போகணும், அந்தக் கணக்கு சரியா போகலன்னா மீன்பிடியை மூடிடுவாங்க. 1884ல இருந்து வியாபாரத்துக்குப் பிடிக்கிற இடத்துல இன்னைக்கும் உலகத்தோட சாக்கை சால்மன்ல பாதி கிடைக்குதுன்னா இப்படி வலையைச் சுருட்டி வச்சுட்டுக் காத்திருக்குறதாலதான். ஆறும் ஏரியும் கெடாம இருக்குறது இன்னொரு காரணம், அந்த ரெண்டாவதுலதான் மைன் கம்பெனி கை வைக்கப் பார்த்துச்சு.

பெப்பிள்ங்கறது தாமிரம், தங்கம், மாலிப்டினம் இருக்குற இடம், நுஷகாக், க்வீஜாக் ரெண்டு ஆறும் ஆரம்பிக்குற தலைப்புலயே இருக்கு. தோண்டுற பாறையில உலோகம் ரொம்பக் கொஞ்சம், மிச்சம் எல்லாத்தையும் அரைச்ச சேறா அணை கட்டி அங்கேயே வைக்கணும், மைன் மூடுனதுக்கு அப்புறமும் அதைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். 2014 ஆகஸ்ட்ல பக்கத்துல கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியால மவுண்ட் பாலி மைன்ல அந்த மாதிரி அணை உடைஞ்சு சேறு க்வெனெல் ஏரிக்குள்ள போச்சு, அதுவும் சால்மன் வர்ற ஏரிதான். அணை உடையாட்டிக் கூட, தண்ணியில தாமிரம் நூறு கோடியில சில பங்கு கூடினாலே சால்மனுக்கு மோப்பம் மங்கிடும். கடல்ல ரெண்டு மூணு வருஷம் சுத்திட்டு பொறந்த ஓடையை அது கண்டுபிடிச்சு வர்றதே மோப்பத்தாலதான்.

முட்டை ரூம்ல என் பக்கத்துல நின்ன பொண்ணு மைன் வர்ற பக்கத்துல இருக்குற இலியாம்னா ஏரிக்கரை கிராமத்துக்காரி. அவ மாமா அந்த மைனுக்கு துளை போடுற கேம்ப்ல வேலை பார்த்தவரு. எங்க ஊர்ல பெட்ரோல் விலை என்னன்னு தெரியுமா, ஸ்கூல்ல பிள்ளைங்க குறைஞ்சா ஸ்கூலையே மூடிடுவாங்கன்னு தெரியுமான்னு கேட்டா, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. வேலை வேணும்னு கேட்குற ஊரைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, இப்பவும் வரல. ஆனா அவளும் அம்மாவோட புகை போட்ட மீன் இல்லாம ஒரு குளிர்காலம்கூட போனதில்லைன்னா.

மைனை நிறுத்துங்கன்னு 2010லயே ஆறு பழங்குடி கவுன்சிலுங்க இபிஏவுக்கு, அதாவது அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்புக்கு, எழுதியிருக்காங்க. அப்புறம் ஆட்சி மாற மாற முடிவும் மாறுச்சு, 2020 நவம்பர்ல ராணுவ இன்ஜினியரிங் பிரிவு பெர்மிட் தர மறுத்துச்சு. 2022ல மைனுக்குத் தடை போடலாமான்னு இபிஏ மறுபடி மக்கள்கிட்ட கருத்து கேட்டப்ப நான் திரும்ப நாக்நெக்லதான் இருந்தேன், அந்த வருஷம் வந்த மீன் 7.9 கோடி, அதுவரைக்கும் இல்லாத கணக்கு, பிளான்ட்டுங்களால சமாளிக்க முடியாம போட்டுங்களுக்கு லிமிட் வச்சாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வீங்கின விரலோட பங்க் பெட்ல படுத்துக்கிட்டு ஃபோன்ல டைப் பண்ணி அனுப்பினேன். மைன் கம்பெனியோட 20 வருஷ பிளான்ல சால்மன் வர்ற ஓடையே 8.5 மைல் அழியுது, 2,108 ஏக்கர் சதுப்பு நிலமும் மத்த நீர்நிலையும் போற மாதிரி இருந்துச்சு, அதையெல்லாம் எழுதினேன். கடைசியா முட்டையைப் பத்தியும், அது கையில எவ்வளவு மெல்லிசா இருக்கும்னும் எழுதினேன், அது எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்னு தோணுச்சு.

2023 ஜனவரில இபிஏ தடை போட்டுச்சு. அந்தக் கோடையிலயே மீன் விலை பவுண்டுக்கு 50 சென்ட்டா விழுந்துச்சு, முந்தின வருஷம் 1.15 டாலர். ஸ்கிப்பர் டீசல் கணக்கு போட்டுப் பார்த்துட்டு ராத்திரி தூக்கம் வரலன்னாரு, போட்டை வித்துடலாமான்னுகூட யோசிச்சாரு. மைன் பேச்சு முடிஞ்சும் போகல, கம்பெனியும் மாநில அரசும் 2024ல கோர்ட்டுக்குப் போனாங்க. 2023 சீசன்ல நான் கடைசியா ஸ்கிப்பரைப் பார்த்தது மறுபடியும் போட் கட்டிக் கிடந்த ஒரு நாள்தான், ஸ்டிக்கர் வெயில்ல வெளுத்து ஓரம் உரிஞ்சிருந்துச்சு, ரேடியோல டவர் எண்ணிக்கை வாசிச்சாங்க, முழுசா கேட்டுட்டு, நல்லா போயிருக்கு, போகட்டும்னு சொல்லிட்டு எனக்கு ஒரு கப் காபி ஊத்திக் கொடுத்தாரு.