லேப் இருந்தால் கூட்டத்துக்கு வரவேண்டாம்

அமெரிக்காவில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் 60 பேர், அதில் பெண்கள் 7. லேபுக்குக் குழு பிரித்தால் ஆளுக்கொரு மூலையில் தனியாகப் போய் உட்காருவோம்.

துணை வேண்டும் என்றுதான் சொராரிட்டியில் சேரப் போனேன். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவிகள் சங்கம் அது. சேர்க்கைக்கு வாரம் முழுக்க மாலையில் ஒவ்வொரு சங்கத்தையும் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு லேப் அதே மாலைகளில்தான். இரண்டாம் நாளே விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் பொறியியல் மாணவிகளுக்கென்றே இருக்கும் சொராரிட்டியான ஃபை சிக்மா ரோ பற்றிப் படித்தேன். இண்டியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ரஷ்மி கன்னா, ஏபி மெக்டொனால்ட் ஆகியோருக்கும் இதே சிக்கல். பொறியியல் படிப்பின் சுமையால் வழக்கமான சேர்க்கைக்குப் போக முடியாமல், 1984 செப்டம்பர் 24-இல் தங்களுக்கென்றே ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மில்வாக்கியின் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில் இதேபோன்ற ஆல்ஃபா ஒமேகா எப்சிலான் சங்கம் பிறந்திருந்தது. ரஷ்மி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குத் தனித் தைரியம் வந்தது.

எங்கள் வளாகத்தில் இரண்டுக்கும் கிளை இல்லை. சரி, முதலில் உள்ளூர்ச் சங்கமாகப் பதிவோம் என்று இறங்கினோம். 10 பேர் கையெழுத்து, ஆலோசகராக ஒரு பேராசிரியர், எழுதிய விதிமுறை. இவ்வளவுதான் கேட்டார்கள்.

விதிமுறை இரண்டு முறை திரும்பி வந்தது. ராகிங் தடை விதியை நாங்கள் எழுதாதது முதல் காரணம். அது எங்கள் தவறுதான். இரண்டாவது, யார் சேரலாம் என்பதில் தெளிவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்களிடம் வேறு கல்லூரியின் கீழ் வருகிறது. அந்த மாணவிகளை வெளியே நிறுத்துவதா? நூலகத்தில் இரண்டு மணி நேரம் வாதாடி, அவர்களையும் சேர்த்து எழுதினோம். இன்றைக்கும் அதுதான் சரி என்பேன்.

ஆலோசகராக ஒப்புக்கொண்ட பேராசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தேர்வு வாரத்திலும் கூட்டம் போடுவீர்களா?" அன்றிரவே ஒரு விதி எழுதினேன். லேப், தேர்வு, வேலை நேர்காணல் இருந்தால் வராததற்கு அபராதம் கிடையாது. தேர்வு வாரத்தில் கூட்டமே கிடையாது. மொத்த விதிமுறையில் நான் ஒரு சொல்கூட மாற்றவிடாத இடம் அது.

"படிக்கப் போன இடத்தில் சங்கம் எதுக்குடி?" என்றார் அம்மா போனில். அந்த விதியைப் படித்துக் காட்டினேன். "அப்படின்னா நடத்து" என்றார்.

மார்ச்சில் அனுமதி வந்தது. முதல் கூட்டம் ஒரு ஞாயிறு மதியம். 14 பேர் வந்தோம். பொருளாளரைத் தேர்ந்தெடுத்து முடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. மறுநாள் தெர்மோடைனமிக்ஸ் ஹோம்வொர்க் கொடுக்க வேண்டும். அந்த மேசையிலேயே நோட்டுகளை விரித்தோம்.