தோர்ணக்கல் பேராயரை நினைத்த நாட்கள்

டிசம்பர் 29, சூளூர்ப்பேட்டை

1912-ஆம் ஆண்டு இதே நாளில் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் வேதநாயகம் சாமுவேல் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரான அவருக்கு அப்போது வயது 38. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை குருவானவரின் மகன் அவர். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப் பாடுபட்டு, ஊழியத்துக்குப் பிறரை அழைத்துக்கொண்டிருந்தவர், 1909-இல் தாமே நிஜாம் ராஜ்யத்தில் தெலுங்கு பேசும் தோர்ணக்கலுக்குக் குடிபெயர்ந்தார். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்த எங்களுக்கு இரண்டு மொழியும் தானாக வந்துவிட்டன. முப்பது வயதைத் தாண்டியபின் தெலுங்கு கற்று, அதிலேயே பிரசங்கிக்கத் துணிந்த அவரை எண்ணும்போது எனக்கு வணங்கத் தோன்றுகிறது.

ஜனவரி 1

அவர் இறைவனடி சேர்ந்ததும் ஒரு புத்தாண்டு நாளில்தான், 1945-இல். காலை ஆராதனை முடிந்ததும் பெரியவர்களிடம் 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டைப் பற்றிச் சொன்னேன். மேல்நாட்டு மிஷனெரிகள் நிறைந்த அந்தச் சபையில், உங்கள் தியாகத்தை அறிவோம், ஆனால் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டாரே, அந்தத் துணிவை நான் அவருடைய பதவியைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

ஜனவரி 6

பிரசன்னத் திருநாள், அதாவது ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைக்கும் நாள். தோர்ணக்கல் பேராலயம் 1939-இல் இந்நாளில்தான் பிரதிஷ்டையானது. ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் நான் அதிகம் பேசியது மாட்டுவண்டியில் அவர் சுற்றிய கிராமங்களைப் பற்றித்தான். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத, மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலிக்காரர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தலையில் கைவைத்து, “சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ” என்று பவுலின் வார்த்தையைச் சொல்லவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ஊழியம் சம்பளம் வாங்கும் உபதேசியாரின் வேலை மட்டுமன்று, நேற்று திருமுழுக்குப் பெற்றவருக்கும் உரியது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையால்தான் அவருடைய அத்தியட்சாதீனம், அதாவது பேராயரின் ஆளுகைக்குட்பட்ட திருச்சபை, அவ்வளவு வேகமாகப் பெருகியது என்பது என் எண்ணம்.

பிள்ளைகளையும் அப்படியே சொல்லச் சொன்னேன். எண்ணெய் வழியத் தலைவாரியிருந்த ஒரு சிறுமி, உள்ளங்கையைத் தலையில் அழுத்தியபடி, தமிழ் வாசகம் பாதியில் மறந்துபோக, தெலுங்கு வேதாகமத்தில் உள்ளபடி “அய்யோ” என்று தொடங்கி முழுவதையும் தெலுங்கிலேயே சொல்லி முடித்தாள். நான் திருத்தவில்லை.